பனைவில்லுக்கு எது முதுகு?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களில் வில் என்று சொன்னால் எய்கிற வில் முதலில் நினைவுக்கு வராது. கோயில் கொடையில் பாட்டுக்காரர் தமக்கு முன்னால் கிடத்தி வைத்து, வீசுகோலால் நாணைத் தட்டுகிற வில்தான் வரும். தமிழ்நாட்டுப் பக்கம் அதற்கு வில்லுப்பாட்டு என்று பெயர். கேரளப் பக்கம் வில்லடிச்சான் பாட்டு என்றும் வழங்கும். 1956 நவம்பர் 1 அன்று தென்திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆனாலும் 17ஆம் நூற்றாண்டுக் கணியாகுளம் போரில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைப் பாடும் மரபு இந்தத் தென்திருவிதாங்கூர் முழுவதற்கும் பொதுச்சொத்து. அந்தப் பாட்டுக்கு வில் தந்த மரம் பெரும்பாலும் பனை.

பனையில் எய்கிற வில்லும் செய்யலாம். புதிய யோசனை அல்ல இது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வில்லுக்கான பொருள்களை நான்காக வகுக்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. பட்டியலில் முதலாவது பனை. ஆனாலும் இன்று யூடியூபைப் பார்த்து வீட்டுக் கொல்லையில் வில் செதுக்கும் இளைஞர்களிடம் பேச்சு ஓடுவது மரத்தைப் பற்றி அல்ல. முதுகில் எதை ஒட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. மாட்டு நரம்பா, தோலா, மூங்கில் பட்டையா, வள்ளம் கட்டுகிற இடத்தில் கிடைக்கும் கண்ணாடி இழையா? கேள்வி நல்லதுதான். ஆனால் எது அதிகப் பலமோ அதை ஒட்டினால் போதும் என்ற நினைப்போடு கேட்கப்படுவதால் பதில் தப்பாகிவிடுகிறது.

வில்லின் முதுகு என்பது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம். எய்பவரைப் பார்த்திருப்பது வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு அமுங்குகிறது. நடுவில் ஏதோ ஓர் ஆழத்தில் இழுபடாமலும் அமுங்காமலும் ஒரு தளம் இருக்கிறது. அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பாடு அந்த இழைக்கு. 16 மில்லிமீட்டர் தடித்த ஒரு கையை (பிடியிலிருந்து நுனிவரை வளையும் பாகத்தை) 80 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளைத்தால், வெளிப்பரப்பு தன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு நீளும். உட்பரப்பு அதே அளவு குறுகும். நூற்றில் ஒன்று என்பது கேட்பதற்குச் சிறிது. பெரும்பாலான மரங்களுக்கு அது தாங்கும் எல்லையை ஒட்டிய அளவு.

மரத்தின் இயல்பில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. இழையோட்டத்தின் நீளவாக்கில் இழுத்தால் அது தாங்கும் பாரம், அதே வாக்கில் அமுக்கினால் தாங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. குறையில்லாத, இழை அறுபடாத மரத்தில் முதலில் தோற்பது வயிறு. ஆனால் வயிறு தோற்றால் சத்தம் வராது. குறுக்கே ஒரு மயிரிழைக் கோடு விழும், அல்லது வில் நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தபடியே கிடக்கும். முதுகு தோற்றால் படீரென்று முறிந்து துண்டு முகத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் முதுகின் முறிவு என்பதால் எல்லாப் பழியும் முதுகுக்கு, எல்லா வைத்தியமும் முதுகுக்கு.

அந்த வைத்தியம்தான் பல வில்களைக் கெடுக்கிறது. மரத்தைவிட விறைப்பான ஒன்றை முதுகில் ஒட்டினால், இழுபடாத அந்த நடுத்தளம் முதுகை நோக்கி நகர்கிறது. வயிற்றின் மேற்பரப்பு அதிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. ஏற்கெனவே பலவீனமான பக்கத்துக்குச் சுமை கூடுகிறது. முதுகு இனி ஒருபோதும் முறியாது. வில் ஒரு மாதத்தில் வளைந்த குச்சியாகிவிடும். ஆகவே முதுகில் ஒட்டும் பொருளை அதன் சொந்தப் பலத்தைப் பார்த்துத் தேரக்கூடாது. வயிறு எவ்வளவு தாங்கும், ஊரின் ஈரம் அதை என்ன செய்யும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் தேர வேண்டும். இந்த ஊர்களுக்கு இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பெரிது என்பது என் கட்சி.

முதலில் மரத்தைப் பார்ப்போம். இந்தப் பக்கம் வீட்டைச் சுற்றி நிற்பவை ரப்பர், பலா, அயினி, புளி, தேக்கு, தென்னை, கமுகு, அங்கங்கே மிஞ்சிய பனை. ரப்பர் கட்டை மாவுச்சத்து நிறைந்தது, சீக்கிரம் பூசணம் பிடிக்கும், வில்லுக்கு ஆகாது. பலாவுக்கும் அயினிக்கும் ஒரு விசித்திரமான பெருமை உண்டு: அமெரிக்க வில்காரர்கள் உச்சியில் வைக்கும் ஓசேஜ் ஆரஞ்சு மரம் இவற்றின் தாயாதி, ஒரே மல்பெரிக் குடும்பம். குடும்பம் ஒன்று என்பதால் குணம் ஒன்றாகிவிடுமா? பலா கதவுக்கும் வீணைக்கும் நல்லது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்து அம்மச்சிப்பிலாவின் பொந்தில் மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து ஒளிந்திருந்தார் என்று கதை இருக்கிறது. அரசரை ஒளித்து வைக்க உதவிய மரம், வில்லுக்கு உதவாது.

மலையடிவாரத்தில் சடச்சி என்று ஒரு மரம் உண்டு. துள்ளும் தன்மைக்குப் பேர்போனது. கருவிக் காம்புக்கும் காவடித் தண்டுக்கும் ஏற்றது. வில்லுக்கு இதைவிட நல்ல உள்ளூர் மரத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது நிற்பது காட்டில். நெய்யாறு 1958 முதல் வனவிலங்குச் சரணாலயம். அங்கே போய் வெட்டுவது குற்றம் என்பதால் அந்தப் பேச்சு இதோடு முடிகிறது. (வில்லைக் கொண்டு காட்டு விலங்கை எய்வது 1972 சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையின் வில் வைக்கோல் திரிக்கு எய்வதற்கு மட்டும்.)

ஆக, கைக்கு எட்டுவது பனையும் கமுகும். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறபோது கிடைக்கும் பனங்கழுக்கோல், தலைமுறைக் கணக்கில் கூரைக்கடியில் காய்ந்த கட்டை. அதைவிட நன்றாகப் பதப்பட்ட மரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதன் வெட்டுமுகத்தைக் கொஞ்சம் நேரம் பார்க்க வேண்டும். தேக்கைப் போல வளையங்கள் இருக்காது. பழுப்பு நிறச் சதையில் கறுப்புப் புள்ளிகள் தெளித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் நீளத்துக்கு ஓடும் ஓர் இழைக்கட்டின் வெட்டுவாய். மரத்தின் வெளிப்புறத்தை ஒட்டி இந்தப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே போகப் போகப் புள்ளிகள் குறைந்து, நடுவில் வெறும் சோறு. பனையில் வைரம் பாய்வது வெளியில். தேக்கு, கருங்காலியில் எல்லாம் வைரம் உள்ளே இருக்கும், இங்கே தலைகீழ்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, பனஞ்சட்டத்தில் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருப்பதால், எதை முதுகாக வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். முதுகுக்குத்தானே பயம் என்று கறுப்புப் பக்கத்தை முதுகாக்குவது வழக்கம். அப்போது சோறு கலந்த பக்கம் வயிறாகி, அமுக்கத்தைத் தாங்காமல் சுருங்கிவிடும். முதுகில் ஏதேனும் ஒட்டுவதாக இருந்தால் திருப்பி வைப்பதே சரி: வைரம் வயிற்றுக்கு, ஒட்டு முதுகுக்கு. ஒட்டவே போவதில்லை என்றால் சோற்றைச் சுத்தமாக வழித்து எறிந்துவிட்டு, வைரத்தை மட்டும் வைத்து அகலமாக, மெல்லிசாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது செய்தி, பனை முறிகிற விதம். அந்தக் கறுப்பு இழைக்கட்டுகள் தனித்தனியே மிக உறுதி. ஆனால் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சதை பலவீனம். முதுகு இழுபடும்போது இழை அறுவதற்கு முன்பே பக்கத்து இழையை விட்டுப் பிரிந்து, ஊசி போல எழும்பும். பனங்கட்டையை இழைப்புளி போட்டவர்களுக்கு இது தெரியும்: கைக்குள் ஏறிய சிலாம்பு எளிதில் வராது, உளியின் வாயும் சீக்கிரம் மழுங்கும். முதுகில் எழும்பிய ஒரு சிலாம்பு அடுத்த அம்புக்கு இன்னும் நீளும், அதற்கடுத்த அம்புக்கு வில் போய்விடும். பனைக்கு வேண்டியது இழுவிசையைச் சுமக்கும் ஆள் அல்ல, எழும்பும் இழையைக் கீழே அமுக்கிப் பிடிக்கும் ஆள்.

முதுகில் ஒட்டும் பொருள்கள் எல்லாவற்றையும் இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்துவிடலாம். காவல் காப்பவை ஒரு வகை. பாரம் சுமப்பவை இன்னொரு வகை. துணி, தோல், காகிதம் முதல் வகை. மூங்கில், கண்ணாடி இழை, முறுக்காத நார் இரண்டாவது. நரம்பு இரண்டுக்கும் நடுவில் தனி ஜாதி.

துணியைப் பற்றிச் சொல்ல இந்த ஊரைவிட ஏற்ற இடம் இல்லை. பாலராமபுரம் நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது. பாலராம வர்மா காலத்தில், 1798க்கும் 1810க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் தொடங்கிய நெசவு அது. இன்றும் குழித்தறியில் மெல்லிய எண்ணுள்ள பருத்தி நூலை நெய்கிறார்கள். ஒரு பழைய கைத்தறி முண்டின் துண்டு வில்லின் முதுகுக்குப் போதும். ஆனால் துணி வில்லுக்குச் செய்வது என்ன என்பதில் பலருக்கு மயக்கம் இருக்கிறது. நெய்த துணியில் பாவு நூல் நேராகப் போவதில்லை. ஒவ்வொரு ஊடை நூலின் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகிறது. துணியை இழுத்தால் அந்த ஏற்ற இறக்கம் நேரானபிறகே நூலின் மேல் பாரம் விழும். வில்லின் முதுகு நீள்வதோ நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் ஏற்ற இறக்கம் முழுக்க நேராகாது. ஆகவே ஒரு சுற்றுத் துணி வில்லுக்குப் பலம் கூட்டுவதில்லை. சிலாம்பு எழும்ப இடம் கொடுக்காமல் மேலிருந்து அடக்குகிறது, அவ்வளவுதான். பனைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். கனம் மிகக் குறைவு, நடுத்தளம் நகர்வதில்லை, வயிற்றுக்குப் புதுத் தொல்லை இல்லை.

ஒட்டும் முறையில் ஒன்றிரண்டு விவரம். புது முண்டில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் அலசிக் காயவைக்காமல் ஒட்டினால் பசை நூலுக்குள் இறங்காமல் கஞ்சியின் மேலேயே நிற்கும். பிறகு தோலாக உரிந்து வரும். பாவு வில்லின் நீளவாக்கில் வர வேண்டும். இரண்டு கைக்கும் சேர்த்து ஒரே நீளத் துண்டு நல்லது. துணியைப் பசையில் தோய்த்து, மரத்தின் மேலும் பசை தடவி, நடுவிலிருந்து நுனிக்கு விரலால் நீவிக்கொண்டே போனால் காற்று நிற்காது. மறுநாள் ஓரத்தை அரத்தால் தேய்த்துச் சமனாக்கலாம்.

துணியின் பலவீனம் நெசவில் இருக்கிறது என்றால், நெசவை நீக்கிவிட்டு நூலை மட்டும் ஒட்டினால் என்ன? அப்போது கணக்கு மாறுகிறது. பக்கம் பக்கமாக நேராகப் படுத்த நார் உடனே பாரம் ஏற்கும். இதில் எந்த நார் என்பது முக்கியம். தேங்காய் நாரைப் பலரும் முதலில் நினைப்பார்கள், ஊர் முழுவதும் அதுதானே. ஆனால் அது தன் நீளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் நீண்டுதான் அறும். ஒரு சதவீத நீட்சியில் அது ஒன்றும் சுமக்காது, சும்மா கூட வரும். பருத்தி நூல் 6, 7 சதவீதம் நீண்டு அறுவது, ஓரளவு சுமக்கும். ஆனைக்கற்றாழை நாரும் அன்னாசி இலை நாரும் 2, 3 சதவீதத்துக்குள் அறுபவை, அதாவது விறைப்பானவை. மேலைநாட்டு வில்காரர்கள் ஆளி நார் கொண்டு செய்வதை இங்கே வேலியோரத்து ஆனைக்கற்றாழை கொண்டு செய்யலாம். அர்த்தசாஸ்திரம் நாணுக்குச் சொல்லும் நார்களில் மூர்வா என்று ஒன்று வருகிறது. அது மருள் செடி என்று கொள்வது வழக்கம். அதுவும் இதே குணம்.

பனை ஓலை மட்டையின் நாரையும் விட்டுவிடக்கூடாது. கட்டில் பின்னவும் பெட்டி முடையவும் மட்டையிலிருந்து உரிக்கும் அகணியும் புறணியும் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிடைக்கும். ஒரு கைக்குத் தாராளம். மெல்லிய புறணியை முதுகில் அடுக்கி ஒட்டுவது காவலுக்கும் சுமைக்கும் நடுவில் நிற்கும் என்பது என் கணிப்பு. பனைக்குப் பனையே முதுகு என்பது ஈரத்திலும் ஒத்துப்போகும்.

தோலைச் சுருக்கமாகப் பார்க்கலாம். உடுக்கைக்குப் போர்த்துகிற ஆட்டுத் தோல் மெல்லியது, ஈரமாக ஒட்டினால் காயும்போது இறுகி முதுகை நன்றாகப் பிடிக்கும். துணியைவிட முரட்டுக் காவல். ஆனால் உடுக்கைக்காரர் மழைக்காலத்தில் என்ன செய்கிறார்? வாசிக்கும் முன் தோலை அனலில் காட்டுகிறார். ஈரக் காற்றில் தோல் தளரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வில்லின் முதுகில் அப்படித் தளர்ந்த தோல், ஒரு பயனும் இல்லாத சுமை. மாட்டுத் தோல் இன்னும் கனம்.

நரம்புக்கு வருவோம், ஏனென்றால் எல்லாரையும் மயக்குவது அதுதான். மாட்டின் காலில் குதிக்கு மேல் போகும் நரம்பைக் காயவைத்து, கல்லின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் வெள்ளை வெள்ளையாக நாராகப் பிரியும். சீப்பால் வாரி, வச்சிரப்பசையில் நனைத்து, முதுகில் வரிசையாகப் படுக்கவைப்பார்கள். காய மாதங்கள் ஆகும். காய்ந்தபின் அது தோலுமல்ல மரமுமல்ல, இழுத்தால் பல சதவீதம் நீண்டும் அறாமல் திரும்புகிற ஒரு பொருள். துருக்கர், மங்கோலியர், முகலாயர் வில்களின் ரகசியம் முதுகில் இந்த நரம்பும் வயிற்றில் எருமைக் கொம்பும்தான். நடுவில் மரம் வெறும் பிடிமானம். கலிபோர்னியாவின் யாஹி இனத்தைச் சேர்ந்த இஷி, 1916இல் இறப்பதற்குமுன் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு வில் செய்யக் கற்றுக்கொடுத்தபோது, குட்டையான ஜுனிப்பர் மர வில்லுக்கு நரம்பைத்தான் முதுகாக வைத்தார்.

இந்த உதாரணங்கள் எல்லாவற்றிலும் இரண்டு பொதுக்கூறுகள் இருக்கின்றன. வில் குட்டை. நாடு வறண்டது. குட்டை வில்லை முழுவதும் இழுக்கும்போது முதுகு மிக அதிகமாக நீள வேண்டியிருக்கும். மரம் அங்கே அறும், நரம்பு அறாது. குதிரைமேல் இருப்பவனுக்குக் குட்டை வில் வேண்டும், ஆகவே நரம்பு வேண்டும். தரையில் நின்று எய்பவனுக்கு அந்த அவசியமே இல்லை. ஆள் உயர வில்லில் முதுகு நீள்வது ஒரு சதவீதம்தான். அந்த அளவில் நரம்பு விழித்துக்கொள்வதே இல்லை. மரத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம் மட்டும் கையில் மிச்சம், அது அம்பின் வேகத்தைத் தின்னும். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் பார்த்ததாக அர்ரியன் எழுதி வைத்த இந்தியக் காலாட்படை வில், எய்பவன் உயரத்துக்கு இருந்தது. தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்தி எய்தார்களாம். நம் நாட்டு வழி நீளம்தான்.

ஈரத்தின் கதை இன்னும் தெளிவு. வச்சிரப்பசை தண்ணீரில் கரையும் பசை. காற்றின் ஈரத்துக்கே இளகும். நரம்பும் கொம்பும் ஒட்டிய கூட்டுவில் இந்தியாவுக்கு வந்தபோது மழைக்காலம் அதற்கு எதிரியானது. இங்கே எஃகில் வில் அடித்து ஆயுதசாலையில் வைத்ததற்கு அது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எஃகு வில் கூட்டுவில் அளவுக்கு வேகமாக எய்யாது. ஆனாலும் பருவமழை முடிந்து எடுத்தால் அது வில்லாகவே இருக்கும். முகலாயர் ஆண்ட வடநாட்டிலேயே நிலைமை அப்படி என்றால், தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற பாறசாலையில் நரம்பு ஒட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இறைச்சிக் கடையில் நரம்பு எளிதாகக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம் ஆகாது.

ஈரம் மரத்தையே என்ன செய்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் மரம் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் மரத்தின் ஈரம் 16க்குப் போகும். வில்காரர்கள் விரும்புவது 8, 10. ஆடி மாதத்தில் திருவனந்தபுரம் பகுதியில் வெளியே தொங்கும் எந்த மரமும் அந்த அளவில் நிற்காது. ஈரம் ஏறிய மரம் முறியாது, ஆனால் வயிறு எளிதில் அமுங்கிப் படிந்துவிடும். அதாவது இந்த ஊரின் தட்பவெப்பமே முதுகுக்குச் சாதகம், வயிற்றுக்குப் பாதகம். முதுகை மேலும் பலப்படுத்துவது இருக்கிற சமனின்மையைக் கூட்டுவதுதான்.

அதற்காக மூங்கிலை ஒதுக்கிவிட முடியாது. இந்தியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்ற பிரிவு, மூங்கில் வில் கொண்டே எய்யப்படுவது. ஜப்பானின் யூமி வில்லில் முதுகும் வயிறும் மூங்கில். முள்மூங்கிலின் அடிப்பகுதி தடித்த சுவர் உள்ளது. அதன் வெளித்தோலை ஒட்டிய பாகம் இழுவிசைக்கு மரங்களையெல்லாம் தோற்கடிக்கும். மலையில் பாய் முடைய எடுக்கும் ஈற்றை இதற்கு ஆகாது, சுவர் மெல்லிசு. தடித்த மூங்கிலைப் பிளந்து, சில வாரம் தண்ணீரில் போட்டு மாவுச்சத்தைக் கரையவிட்டு, நிழலில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உளுத்து, தொட்டால் மாவு கொட்டும்.

மூங்கிலை ஒட்டுகிறவர்கள் செய்யும் தவறு தடிமனில். தேக்கு மாதிரி நடுத்தரக் கனமுள்ள மரத்தின் முதுகில் 6 மில்லிமீட்டர் மூங்கில் பட்டையை ஒட்டினால் அந்த வயிறு கட்டாயம் படியும். பனையின் வைரம், புளியின் கட்டு போன்ற கனமான வயிற்றுக்கே மூங்கில் பொருந்தும். அப்போதும் பட்டை நடுவில் 3 மில்லிமீட்டர், நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். இன்னொரு தந்திரம்: வில்லின் குறுக்குவெட்டை முதுகுப்பக்கம் குறுகலாகவும் வயிற்றுப்பக்கம் அகலமாகவும் சீவுவது. முதுகில் பொருள் குறைவதால் நடுத்தளம் வயிற்றை நோக்கித் திரும்பி வருகிறது. மூங்கிலின் மேல்தோலை உளியால் தொடக்கூடாது, கணுக்களை மட்டும் லேசாகத் தேய்க்கலாம். அந்தத் தோல்தான் நாம் தேடிப்போன முதுகு.

கண்ணாடி இழையைப் பற்றி நான்கு வரி போதும். பொழியூர், பூவார் கரையோரத்தில் ஃபைபர் வள்ளம் சாதாரணக் காட்சி. அதற்கான கண்ணாடிப் பாயும் பிசினும் மிச்சத் துண்டாகக் கிடைக்கும். வள்ளத்துக்குப் போடும் பாய் நறுக்கிய இழைகள் நாலாபக்கமும் கிடக்கும் பாய். வில்லுக்கு அது பயன்படாது. நேராக ஓடும் இழை கிடைத்தாலும், அது பிசினோடு சேர்ந்து மரத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாகிவிடும். முதுகில் மட்டும் ஒட்டினால் வயிறு நொறுங்கும். கடையில் விற்கும் ஃபைபர் வில்லில் இரண்டு பக்கமும் ஃபைபர் இருப்பது அதனால்தான். இரண்டு பக்கமும் ஒட்டினால் அது பனைவில் அல்ல, பனை வைத்து நிரப்பிய பிளாஸ்டிக் வில்.

ஒட்டாமலே முதுகு கட்டும் வழி ஒன்றும் இருக்கிறது. மரம் அரிதான ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்கள் கடலில் மிதந்து வரும் கட்டையில் வில் செய்தார்கள். அந்தக் கட்டை வில்லுக்கு ஏற்றதே அல்ல. நரம்பை முறுக்கிக் கயிறாக்கி, முதுகில் நீளவாக்கில் பல சுற்று ஓட்டி, இடையிடையே குறுக்கே கட்டி, கயிற்றை முறுக்கி இறுக்கினார்கள். பசையே இல்லை. ஈர நாட்டுக்கு இந்த யோசனை பொருந்தும் என்று தோன்றும். வலைக்காரர்களிடம் கிடைக்கும் நைலான் இதற்கு உதவாது, இழுத்தால் நீண்டுகொண்டே போகும். பாலியஸ்டர் கயிறு நீளாது, நனைந்தாலும் தளராது. பார்க்க அழகாக இருக்காது என்பது ஒரு குறை. முதுகில் விரிசல் கண்ட, தூக்கியெறிய மனமில்லாத வில்லைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி இல்லை.

பசையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் முதுகு பெரும்பாலும் பசையில்தான் தோற்கும். ஆசாரிமார் பயன்படுத்தும் வெள்ளைப் பசை துணிக்கும் நாருக்கும் போதும். மூங்கில் பட்டைக்குப் போதாது. தொடர்ந்து பாரம் இருந்தால் அது மெல்ல நகரும், வெயிலிலும் ஈரத்திலும் இன்னும் வேகமாக நகரும். அங்கே இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்சி வேண்டும், அதிலும் மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிடத்தில் இறுகுவது பலம் குறைவு. எபாக்சிக்கும் எதிரி உண்டு: வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை வைத்தால் சூட்டில் இளகும். வச்சிரப்பசையும், பெரிய மீன்களின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுக்கும் பசையும் வறண்ட நாட்டுக்காரர்களின் சொத்து. மீன் பசை நரம்புக்கு எல்லாவற்றிலும் சிறந்தது என்பார்கள். கடற்கரை பக்கத்தில் இருந்தும் நமக்கு அது பயன்படாதது வருத்தம்தான்.

இனி ஒன்றும் ஒட்டாமல் விடுவது. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் மேரி ரோஸிலிருந்து 170க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. எல்லாம் ஒரே கட்டையில் செய்தவை, முதுகில் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் அவை யூ மரம். அந்த மரத்தில் வெளிச்சதை இழுபடுவதற்கும் உள்வைரம் அமுங்குவதற்கும் இயல்பிலேயே ஏற்றவை; மரமே முதுகும் வயிறும் ஒட்டி வைத்திருந்தது. பனையில் அந்த வசதி இல்லை என்பதை வெட்டுமுகத்தில் பார்த்தோம். ஆயினும் சோறு வழித்த வைரத்தில் 180 சென்டிமீட்டர் நீளம், பிடிக்கு அருகில் 5 சென்டிமீட்டர் அகலம் வைத்து, 15 கிலோ இழுப்புக்குள் நிறுத்திக்கொண்டால் ஒட்டில்லாமலே பிழைக்கும். வில்லுப்பாட்டு வில் பத்தடியை ஒட்டிய நீளத்தில் இருப்பதும், அதைச் சற்றே வளைத்து நாணேற்றுவதும் இதே பாடத்தின் மறுபக்கம். அதன்மேல் சுற்றிய வண்ணத்துணி அலங்காரம் மட்டுமே. இரவெல்லாம் வீசுகோலின் அடியைத் தாங்குவது நீளத்தின் தயவில்.

கமுகுக்கு இதில் ஒரு சிறு மாற்றம். அதன் வைரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குமேல் இராது, வாரி வாரியாகப் பிளந்து வரும். பிள்ளைகளுக்கு வில் செய்ய அதுவே ஏற்றது. ஒட்டுத் துணி ஒரு சுற்று, இழுப்பு 7, 8 கிலோ. பெரியவர்களுக்கான வில்லுக்குக் கமுகு வாரியையே மூங்கிலுக்குப் பதில் முதுகுப்பட்டையாக ஒட்டலாம் என்பார்கள். சிலாம்பு எழும் பொருளுக்குச் சிலாம்பு எழும் பொருளைக் காவல் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒட்டினால் அதன்மேல் துணி வேண்டும்.

தேர்வில் இன்னும் சந்தேகம் இருப்பவர் வில்லைத் தொடும் முன் துண்டுக் கட்டையில் பார்த்துவிடலாம். வில்லுக்கு எடுத்த அதே சட்டத்தின் மிச்சத்திலிருந்து ஒரு அடி நீளம், ஓர் அங்குல அகலம், 8 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று சிம்புகள் சீவ வேண்டும். ஒன்று வெறுமனே, ஒன்றில் துணி, ஒன்றில் மூங்கில். பசை ஒரு வாரம் இறுகட்டும். பிறகு கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, தண்ணீர் டிரம்மின் வளைவில் வைத்து, சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். வெறுஞ்சிம்பில் முதுகிழை எழும்பி, துணிச்சிம்பில் எழும்பாவிட்டால் துணி போதும். மூங்கில் சிம்பின் வயிற்றில் குறுக்குக்கோடு விழுந்தால் மூங்கிலை இன்னும் மெல்லியதாக்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். மூன்றையும் மழைக்காலம் முழுவதும் திண்ணையில் தொங்கவிட்டு மறுபடி வளைத்துப் பார்ப்பவருக்கு ஒட்டு விட்டுப்போகும் இடமும் தெரிந்துவிடும். ஒட்டும் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் மரம் இந்த ஊரில் காயக்கூடிய அளவுக்குக் காய்ந்திருக்கும்.